‘பொழுதோட’ இறங்கியவர்கள்

கதிர்வேல் எழுதிய புத்தகத்தைச் சாதிக் என் மேசைமேல் வைத்தார். வீசவில்லை, தட்டவில்லை, மெதுவாகத்தான் வைத்தார். வைத்துவிட்டு, நுனியில்லாத சுட்டுவிரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"இதைப் படிங்க்கா."

காலை பத்து மணி இருக்கும். உள்ளே என் வீட்டுக்காரர் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்கு வாஷ்கேர் லேபிள் ஓட்டிக்கொண்டிருந்தார். மிஷின் சத்தத்தில் எனக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை. புத்தகத்தை இழுத்துப் படித்தேன்.

‘நேரத்தோடு இறங்கத் தொடங்கினோம். அதற்கு நான்தான் காரணம். பாதி வழியில் சாதிக் நடை தளர்ந்துவிட்டான். இருட்டிவிட்டது.’

"படிச்சிட்டேன் தம்பி. என்ன, அச்சுப்பிழையா?" என்றேன். புத்தி அங்கேதானே போகும்.

"பிழையெல்லாம் இல்லீங்க்கா. எழுத்து சுத்தமாத்தான் இருக்குது. ஞாயித்துக்கெழம புஸ்தக வெளியீட்டு விழாவுக்கு நான் வரலீங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். கதிர்வேல்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

சொல்லிவிட்டு அவர் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போகிற கோபம் என்றால் போய்விடும். உட்கார்ந்த கோபம் லேசில் போகாது.

பீற்றிக்கொண்டதற்குத் தண்டனை

சென்ற சில வாரங்களாக, நான் பிடித்த அச்சுப்பிழைகளைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாய் ஓயாமல் பீற்றிக்கொண்டிருக்கிறேன். ‘ஏன் அக்கா, நீங்கள் தப்பே பண்ணினதில்லையா?’ என்று பல்லடத்து வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்.

பண்ணியிருக்கிறேன் தாயி. அதில் பெரிய தப்பு இதுதான். எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சாதிக் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, மொத்த அடுக்கையும் ஒரே வெட்டில் எடுக்கிற வேலை. அதே கம்பெனியில் கதிர்வேல் கியூசி. தைத்து வருவதில் குறை கண்டுபிடிக்கிற வேலை. ஒருவர் வெட்டியதை இன்னொருவர் குறை சொல்லிச் சொல்லியே நண்பர்கள் ஆனவர்கள். இருவர் வீடும் ஒரே சந்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருமூர்த்தி மலைப் பக்கம் நடக்கப் போவார்கள். அது பழக்கமாகி, பிறகு பைத்தியமாகி, வடக்கே போய் மலையேறப் பயிற்சி எடுத்துக்கொண்டு, கடைசியில் இமயமலையில் ஒரு சிகரத்தில் ஏறியே விட்டார்கள். இருவரும் உயிரோடு திரும்பினார்கள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் சாதிக்கின் வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் பனிக்கடி பட்டுக் கறுத்துப்போயிருந்தன. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டிலும் நுனியை எடுத்துவிட்டார்கள்.

கட்டிங் மாஸ்டருக்குக் கண் விரல் நுனியில்தான் இருக்கிறது. அடுக்கு நகர்ந்திருக்கிறதா, துணி இழுபடுகிறதா என்று தொட்டுத்தான் பார்ப்பார்கள். சாதிக் இப்போது மேசையருகே நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் வெட்டுவதில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதை என்றார்கள். நடக்கமாட்டாதவன் மலைக்கு ஏன் போனான் என்றார்கள். அவருடைய சொந்தக்காரர்களே சொன்னார்கள். சாதிக் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்துக் கதிர்வேல் என்னிடம் வந்தார். நூல் கம்பெனிக்காரர்கள் புது வருடத்துக்குக் கொடுக்கிற தடித்த டைரி ஒன்று கையில் இருந்தது. மலையேறிய கதையை முழுக்க அதில் எழுதியிருந்தார்.

"புஸ்தகமாப் போட்டுக் குடுங்க்கா. தமிழ மட்டும் நீங்க பாத்துக்கோங்க."

லேபிளும் ஹேங் டேக்கும் கல்யாணப் பத்திரிகையும் அடித்து வயிறு வளர்க்கிற எங்கள் அச்சகத்தில், வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ புத்தகமும் வரும். அதற்குத்தான் நான் இருக்கிறேன். மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டேன்.

போர்வை வேண்டாம்

டைரியின் முதல் வரி இது: ‘காலைல டெண்ட்டத் தொறந்தா வெளிய பூராப் பனி.’

இமயமலைக்குப் போய்விட்டு வந்து இப்படியா எழுதுவார்கள்? நான் பேனாவை எடுத்தேன். ‘கண்விழித்தபோது, இமயம் வெண்பனிப் போர்வை போர்த்தித் துயில்கொண்டிருந்தது’ என்று மாற்றினேன். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

கதிர்வேல் படித்துவிட்டுப் பிடரியைச் சொறிந்தார்.

"ஏனுங்க்கா, போர்வைன்னாக் கதகதன்னு இருக்குமுங்களே?"

"இருக்கட்டும். அதுக்கென்ன இப்போ?"

"அங்க அப்படி இல்லீங்க. போர்வைன்னு படிச்சா ஆளுக்குத் தூக்கந்தானுங்களே வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. நேற்றைக்குப் பேனா பிடித்த ஆள் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று. அன்று சாயங்காலம் சொதிக்குத் தேங்காய் துருவும்போதுதான் யோசித்தேன். எத்தனை பேர் எழுதி எத்தனை தடவை படித்திருக்கிறேன், பனிப்போர்வை, பனிப்போர்வை என்று. ஒரு தடவைகூடக் குளிரவில்லையே.

மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன்: "சரி, எப்படித்தான் இருந்துச்சு?"

"டையிங் பட்டறைல சாயத்துக்கு உப்பு மூட்டையப் பிரிச்சுக் கொட்டி வெச்சிருப்பாங்கல்லங்க, அப்படி. கால் வெச்சா நறநறங்கும். வெய்யல் ஏறுனா ஈரத் துணியாட்டக் கால்ல ஒட்டும்."

அதை அப்படியே போட்டேன். தமிழில் நமக்கு எல்லாவற்றுக்கும் பனி ஒன்றுதான். மார்கழியில் கோலத்தில் இறங்குவதும் பனி, இமயத்தில் ஆளை விழுங்குவதும் பனி. உப்பு என்று சொன்னதும் அது வேறு பனி ஆகிவிட்டது.

‘மயான அமைதி நிலவியது’ என்று இன்னோர் இடத்தில் நான் சேர்த்திருந்தேன். அதற்கும் ஆட்சேபணை.

"மயானத்துல ஏதுங்க்கா அமைதி? பறையடிப்பாங்க, ஒப்பாரி வெப்பாங்க, கடைசில பங்காளிக சண்டை, ஓரியாட்டம் வேற."

"அப்போ என்ன போடணுங்கிய?"

"ஷிஃப்ட்டு ஓடிட்டிருக்கறப்பக் கரண்ட் போனா, அத்தனை மிஷினும் ஒரே நேரத்துல நிக்குமுங்களே. அப்படி இருந்துச்சுங்க."

திருப்பூரில் குடியிருக்கிற யாருக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும்.

வானத்துக்கு நான் ‘எல்லையற்ற நீலம்’ போட்டிருந்தேன். அவர் ‘நேவி ப்ளூ’ என்றார். "ஷேடு கார்டு வெச்சுப் பாத்தாலும் நேவிதானுங்க. மேல போகப்போக டார்க் ஆயிருது." விட்டுக்கொடுத்தேன். குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவரோடு எவ்வளவு நேரம் மல்லுக்கு நிற்பது?

ஆனால் என்னை அடியோடு மாற்றிய இடம் வேறு. செங்குத்தான ஒரு சரிவைக் கடக்கும் இடத்தில், ‘மரண பயம் நெஞ்சைக் கவ்வியது’ என்று தாராளமாக ஒரு வரி சேர்த்திருந்தேன். கதிர்வேல் அதை அடித்துவிட்டார்.

"பயமெல்லாம் அப்ப இல்லீங்க்கா. மூக்கு ஒழுகிட்டே இருந்துச்சு. ரெண்டு கையும் கயித்துல. தொடைக்க முடியலியேன்னுதான் இருந்துச்சு."

அதைப் போட்டு, புரூஃப் எடுத்துப் படித்தேன். மரண பயம் என்று எழுதியபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒழுகுகிற மூக்கைப் படித்தபோது என் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். அவர் வைத்த சொல்லைத் தொடமாட்டேன். பேச்சு மொழியை எழுத்து நடைக்கு மாற்றுவது மட்டும்தான் என் வேலை. ‘எறங்குனோம்’ என்றிருந்தால் ‘இறங்கினோம்’. ‘தளந்துட்டான்’ என்றிருந்தால் ‘தளர்ந்துவிட்டான்’. அதில் என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

வெள்ளைமேல் வெள்ளை

சாதிக் இன்னும் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். டீ வாங்கிவரச் சொன்னேன். வேண்டாம் என்றார்.

"முந்தாநாள் அவனே ஊட்டுக்கு வந்து புஸ்தகத்தக் கையில குடுத்தானுங்க. படிச்சுப் பாரு மாப்ளன்னு சொல்லிட்டு ஓடிட்டான். இதைப் படிக்கச் சொல்லித்தான் குடுத்திருக்கறான் பாருங்க."

"இதுல என்ன தம்பி தப்பு இருக்கு? எனக்கு விளங்கலையே."

அப்போதுதான் அவர் சொன்னார். உச்சியில் நடந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை என்று பிறகு தெரிந்தது.

"செக்கிங் செக்ஷன்ல இருக்கற பொம்பளைங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு இவனுக்கு ஒரு பனியன் குடுத்திருந்தாங்க. அதை உச்சியில விரிச்சுப் பிடிச்சு போட்டோ எடுக்கோணும்னு ஆசை. சேரி, எடுன்னேன். வெள்ளைப் பனியனுங்க்கா."

"அதனால?"

"பூராவும் பனி. வெள்ளைமேல வெள்ளை. போட்டோவுல பனியனே தெரியலீங்க."

நான் சிரித்துவிட்டேன். பனியில் பனியனைத் தொலைத்த கதையைக் கேட்டு யாருக்குச் சிரிப்பு வராது? சிரித்தபிறகு வெட்கமாகிவிட்டது.

"சிரிங்க்கா. அங்க நாங்களும் சிரிச்சோம்," என்றார் சாதிக். "அக்கட்டத் திருப்பறான், இக்கட்டத் திருப்பறான். வெய்யல் வரட்டுங்கறான், மேகம் போகட்டுங்கறான். மறுக்கா எடு, மறுக்கா எடுங்கறான். கைடு ‘சலோ, சலோ’ன்னு கத்திட்டே இருக்கறாரு. இவன் நகரோணுமே! க்ளவுஸ் போட்ட கையில கேமரா பட்டன் அமுங்காதுங்க. கழட்டிட்டுத்தான் எடுத்தேன். எத்தனை தடவைன்னு எனக்கே தெரியாது."

அவர் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"வெரல் போனதுக்கு நான் வெசனப்படலீங்க. மலைக்குப் போனா எதுவும் நடக்கும், தெரிஞ்சுதான் போனோம். ஊர்ல என்னென்னமோ சொன்னாங்க. என்ற சம்சாரத்துக்கிட்டக்கூட நான் இதைச் சொன்னதில்ல. அவன் வாயால ஒருநாள் சொல்லுவான்னு இருந்தேன். இப்ப என்னடான்னா, நேரத்தோட எறங்குனாங்களாம். அதுக்கு அவன்தான் காரணமாம். நான் நடக்கமாட்டாம இருட்டிப்போச்சாம். ஞாயித்துக்கெழம எங்க சொந்தக்காரங்க அத்தனை பேரும் வாங்கிப் படிப்பாங்க."

கதிர்வேல் அப்படிப்பட்ட ஆள் இல்லையே. மூக்கு ஒழுகியதைக்கூட மறைக்காத மனுஷன், இதிலா பொய் சொல்வார்? அந்த இடத்தைத் திருத்தும்போது, கொஞ்சம் பெருமையடிக்கிறாரே என்று எனக்கே பட்டதுதான். எழுதியவர் பாடு, நமக்கென்ன என்று விட்டிருந்தேன்.

"இருங்க தம்பி. டைரி இங்கதான் கெடக்கு. எடுத்துட்டு வாரேன்."

ஒரு சொல்

அந்தப் பக்கத்தில் மட்டும் எழுத்து பொடியாக இருந்தது. முன்பே கவனித்தேன் என்று சொன்னால் புளுகு. அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. சத்தமாகப் படித்தேன்.

‘பொழுதோடத்தான் எறங்குனோம். அது என்னாலதான். பாதி வழில சாதிக் நடை தளந்துட்டான். இருட்டிப்போச்சு.’

"அச்சுல இருக்கதுதான் இதுலயும் இருக்கு," என்றேன்.

சாதிக் எழுந்துவிட்டார். "மறுக்கா படிங்க."

படித்தேன்.

"ஏனுங்க்கா, பொழுதோடன்னா என்னங்க?"

"இது என்ன கேள்வி? நேரத்தோட. வெளிச்சம் இருக்கும்போதே. பொழுதோட வீடு வந்து சேருன்னு சொல்லுதோம்லா?"

"அல்லாவே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் சாதிக். "பொழுதோடன்னா சாயங்காலமுங்க்கா! பொழுது எறங்கற நேரம்! நீங்க சொல்றதுக்கு நாங்க ‘நேரமே’ன்னு சொல்லுவோமுங்க."

நான் நம்பவில்லை. உள்ளே போய் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தார். "பொழுதோடன்னா நேரத்தோடதான். எங்க அம்மா சொல்லுவாளே," என்றார். அவரும் என்னைப்போலத் தெற்கே நாசரேத்துப் பக்கம். சாட்சிக்கு நல்ல ஆளைத்தான் பிடித்தேன்.

கல்யாணமாகித் திருப்பூர் வந்து முப்பது வருடம் ஆகிறது. வந்த புதிதில் எதிர்வீட்டம்மா, "அவரு ஊட்டுல இருக்காருங்க" என்றபோது, இவ்வளவு குளிரில் ஊட்டியில் என்ன செய்கிறார் என்று கேட்டவள் நான். வீடுதான் ஊடு என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. என் பேச்சிலும் ‘ங்க’ ஒட்டிக்கொண்டது. ‘சொல்லுதேங்க’ என்று நான் பேசுவதைக் கேட்டு இரண்டு ஊர்க்காரர்களும் சிரிப்பார்கள். ஆனால் இந்த ஒரு சொல் மட்டும் முப்பது வருடமாக எனக்குத் தவறாகவே புரிந்திருக்கிறது.

எப்படி என்று பிறகு விளங்கியது. "சனிக்கெழம விசேஷம், பொழுதோட ஊட்டுக்கு வாங்க" என்று கூப்பிடுவார்கள். நேரத்தோடு வரச் சொல்கிறார்களே என்று, நான் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் நிற்பேன். அந்த வீட்டம்மா தலையில் எண்ணெய் வழியக் கதவைத் திறப்பார். "வாங்க, வாங்க, சித்த உக்காருங்க" என்பார். காபி வரும். பேப்பர் வரும். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். இந்த ஊரில் விருந்தாளிகள் நேரம் தவறித்தான் வருவார்கள் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

ஒருவராவது, "ஏனுங்க இத்தனை நேரமே வந்துட்டீங்க?" என்று கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கமாட்டார்கள். அவ்வளவு மரியாதை. அச்சாபீஸ்காரம்மாவுக்கு விசேஷ வீடு என்றால் கொள்ளை ஆசை என்று ஊருக்குள் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அது போகட்டும், என் மானத்தோடு போயிற்று. இங்கே போனது வேறு.

சாதிக் இப்போது டைரியைத் தானே கையில் வாங்கிப் படித்தார். உதடு அசைந்தது. சாயங்காலம்தான் இறங்கினோம். அது என்னால்தான். கதிர்வேல் எழுதியது தன் குற்றத்தை. நான் முதல் வரியைப் புரட்டிப் போட்டதும், இரண்டாவது வரி தானாகத் தற்பெருமை ஆகிவிட்டது. மூன்றாவது வரி சாதிக்கின் தலையில் விழுந்துவிட்டது. ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் இத்தனையும் செய்திருக்கிறேன்.

போர்வைக்குச் சண்டை போட்டேன், மயானத்துக்குச் சண்டை போட்டேன். இந்தச் சொல்லை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தெரியாத சொல் என்றால் கேட்டிருப்பேன். தெரியும் என்று நினைத்ததால் கேட்கவில்லை.

வாயில் சொல்

கதிர்வேலுக்குப் போன் போட்டேன். கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே ஓடி வந்தார். சாதிக்கைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ரெண்டு நாளா உன் போனுக்குத்தான் பாத்துட்டிருந்தேன் மாப்ள. படிச்சயா?"

"படிச்சேன்," என்று சாதிக் புத்தகத்தை நீட்டினார்.

கதிர்வேல் அந்தப் பக்கத்தைப் படித்தார். படித்து முடித்ததும் பக்கத்தில் இருந்த பேப்பர் பண்டல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "தம்பி, தப்பு என்னுது. பொழுதோடன்னு நீங்க எழுதியிருந்ததை நான் நேரத்தோடன்னு நெனைச்சிட்டேன். ஆனா புரூஃப் உங்கட்டத்தானே குடுத்தேன்? நீங்களாவது பாத்திருக்கப்படாதா?"

"அந்தப் பக்கத்தை மட்டும் பாக்கலீங்க்கா. எழுதுனதே ஒரே தடவைதானுங்க. மறுக்காப் படிக்க முடியல. நீங்க பாத்திருப்பீங்கன்னு தள்ளிட்டுப் போயிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை நம்பித் தள்ளிய பக்கத்தில்தான் நான் மண்ணைப் போட்டிருக்கிறேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாதிக் என்னைப் பார்க்கவில்லை. கதிர்வேலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுனது சேரி. வாயில சொல்லு."

கதிர்வேல் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். விரித்தார். மறுபடி சுருட்டினார்.

"கைடு நேரமே எறங்கச் சொன்னாரு. நான்தான் நின்னேன். பொழுதோடத்தான் எறங்குனோம் மாப்ள. உன்ற வெரல் போனது என்னாலதான். ஊர்ல உன்னையப் பேசறப்பவெல்லாம் கேட்டுட்டுச் சும்மா இருந்தேன் பாரு, அது இதைவிட மோசம்."

சாதிக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"டீ சொல்லுங்க்கா. மூணு," என்றார்.

ஒட்டுத்தாள்

இந்த ஊரில் சரக்கில் தப்பு வந்துவிட்டால் யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. ஆல்ட்ரேஷன் என்று ஒரு மேசையே தனியாக இருக்கிறது. லேபிள் மாறியிருந்தால் மேலே சரியானதை ஒட்டி, பெட்டியை மூடி, லாரியில் ஏற்றுவார்கள். நாங்கள் ஸ்டிக்கர் அடிக்கிறவர்கள். புத்தகங்கள் எல்லாம் பண்டல் பிரிக்காமல் மூலையில்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த நாலு வரிக்கு மட்டும் அதே காகிதத்தில் ஒட்டுத்தாள் அடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். அன்று முழுவதும் அவர் பேசிய உருப்படியான பேச்சு அதுதான்.

சரி, என்ன போடுவது? டீயைக் குடித்ததும் எனக்குப் பழைய தைரியம் வந்துவிட்டது. பட்டும் புத்தி வரவில்லை.

"‘அந்தி மயங்கும் வேளையில்தான் இறங்கத் தொடங்கினோம்’னு போடுவோமா? யாருக்கும் சந்தேகம் வராது."

சாதிக் தலையை ஆட்டினார். "அந்தி மயங்கறதுன்னா அழகா இருக்குதுங்க்கா. அன்னைக்கு அழகா இல்லீங்க."

"அப்போ ‘மாலையில்’?"

"கல்யாணப் பத்திரிகையாட்ட இருக்குதுங்க," என்றார் கதிர்வேல்.

"‘தாமதமாக’?"

"லேட்டா வந்ததுக்குக் கம்பெனியில எழுதிக் குடுக்கற லெட்டருங்க அது," என்றார் சாதிக்.

இருவரும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டு என்னை ஓட்டுகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்தை வெளியே காட்டவில்லை.

"பொழுதோடன்னே இருக்கட்டுங்க்கா," என்றார் கதிர்வேல். "அந்த வார்த்தையச் சொன்னாத்தான் எனக்கு அந்த வெளிச்சம் ஞாபகம் வருது. மஞ்சளாத் தெரியும், ஆனா சூடு இருக்காது."

"எங்க ஊர்க்காரங்க என்னைய மாதிரியே தப்பாப் படிப்பாங்களே?"

"அதுக்கு முன்னாடி கைடு சொன்னதப் போட்டுருங்க. சேரியாப் போயிரும்."

அப்படியே எழுதினேன். ‘கைடு நேரமே இறங்கச் சொன்னார். பொழுதோடத்தான் இறங்கினோம்.’ அதற்கு அடுத்த வரியில் என் பேனா நின்றது. ‘அது என்னாலதான்.’ கதிர்வேல் குனிந்து டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. வாயால் சொல்லியாகிவிட்டது, கேட்டவரும் டீ குடித்தாகிவிட்டது. ஊர் பூராவும் இதைப் படித்து நாளைக்கு இவரைப் பேச வேண்டுமா? உச்சியில் இரண்டு பேரும்தானே சிரித்தார்கள்?

"தம்பி," என்றேன் சாதிக்கிடம், "‘எங்களால’ன்னு போட்டுடுவோமா?"

கதிர்வேல் நிமிர்ந்தார். சாதிக்தான் பேசினார்.

"வேண்டாங்க்கா. மூணு வருசமா நான் காத்துட்டிருந்த வரிங்க அது. அதுல கை வெக்காதீங்க."

நான் வைக்கவில்லை.